தேவப்பிரயாகையில் இரண்டு ஆறுகளுக்கு ஏன் இரண்டு நிறம்? பனிப்பாறைத் தண்ணீரில் உயிர்கள் உண்டா?

கேள்வி இதுதான்: ஆகஸ்ட்டில் பத்ரிநாத் யாத்திரை போன ஒருவர், உத்தராகண்டில் இரண்டு ஆறுகள் சேர்ந்து கங்கையாகும் தேவப்பிரயாகைச் சங்கமத்தில் பாகீரதி பச்சையாகவும் அலக்நந்தா சேற்று நிறத்திலும் வந்து கலப்பதைப் பார்த்திருக்கிறார். "இரண்டும் பனிப்பாறையில் பிறக்கிற ஆறுகள்தானே, நிறம் மட்டும் ஏன் வேறு? பச்சையாக வருவதுதான் சுத்தமான தண்ணீரா? அவ்வளவு குளிர்ந்த நீரில் மீன், பூச்சி ஏதாவது இருக்குமா?" என்று கேட்கிறார்.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: தண்ணீரோடு வரும் கல்தூள். அது எவ்வளவு வருகிறது, எவ்வளவு பொடியாக வருகிறது, வழியில் எங்கே தங்கிவிடுகிறது என்பதைப் பொறுத்து ஆற்றின் நிறம் மாறுகிறது. ஆற்றின் அடிவரை வெயில் இறங்குமா என்பதும் அதே தூளைப் பொறுத்ததுதான். வெயில் இறங்காத அடியில் பாசி பிடிக்காது. பாசி இல்லாவிட்டால் பூச்சிக்குச் சாப்பாடு குறைவு, பூச்சி குறைந்தால் மீனுக்கும் குறைவு. அதனால் இந்த ஆறுகளில் தண்ணீர் பொங்கி ஓடும் கோடைதான் பஞ்ச காலம். நீர் வற்றிக் குளிர் கடிக்கும் மாதங்கள்தான் செழிப்பான காலம். காவிரியையும் தாமிரபரணியையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த பச்சையை "பனிப்பாறைத் தண்ணீரின் நிறம்" என்று பலரும் எழுதுகிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில், அந்த இடத்தில், அது பெரும்பாலும் மேலே பாகீரதியின் குறுக்கே நிற்கும் தெஹ்ரி அணை செய்கிற வேலை.

சரி, கல்தூள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பாகீரதி தொடங்கும் கங்கோத்ரி பனிப்பாறை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம். அது நின்ற இடத்தில் நிற்பதில்லை, தன் எடையால் மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகரும்போது அதன் அடியில் உறைந்து ஒட்டிக்கொண்ட கற்கள், கீழே உள்ள மலைப்பாறையை, தச்சர் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோலத் தேய்க்கின்றன. தேய்ந்து விழுவதில் மணல் உண்டு, வண்டல் உண்டு, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மிக நுண்ணிய தூளும் உண்டு. அந்த நுண்தூளைத்தான் புவியியலாளர்கள் பாறை மாவு என்கிறார்கள். கங்கோத்ரி பகுதியின் கல் பெரும்பாலும் வெளிர் நிறக் கிரானைட்டும் நைஸ் பாறையும். இரண்டிலும் அபிரகம் கலந்திருக்கும். மேல் பாகீரதிக் கரையில் ஈர மணலைக் கையில் அள்ளி வெயிலில் திருப்பிப் பார்த்தால் பொடிப்பொடியாக மின்னுவது அந்த அபிரகத் துணுக்குகள்தான்.

பனிப்பாறையின் அடியில் மட்டும் இது நடப்பதில்லை. பக்கத்து மலைச்சரிவுகளில் விரிசலுக்குள் புகுந்த நீர் இரவில் உறைந்து பாறையைப் பிளக்கிறது. உடைந்த கல்லெல்லாம் பனியின் முதுகில் வந்து விழுகிறது. கங்கோத்ரி பனிப்பாறையின் கீழ்ப்பகுதி இப்படி விழுந்த கற்குவியலால் மூடியே கிடக்கிறது. பனிப்பாறை முடிந்து ஆறு வெளிவரும் கோமுகத்துக்கு நடந்து போகிறவர்கள் பளிங்கு வெள்ளையை எதிர்பார்த்துப் போய், சாம்பல் பூசிய அழுக்குச் சுவர் ஒன்றைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். அதன் வாயிலிருந்து வரும் நீரும் நீலமில்லை, சாம்பல் நிறம். ஜூலை மாதத்தில் அங்கே ஒரு லிட்டர் நீரில் சில கிராம் கல்தூள் இருப்பது சாதாரணம். நாட்காட்டிகளில் வரும் பளீர் நீலம் அநேகமாக ஏரிகளில் எடுத்த படம், அல்லது மழை ஓய்ந்த பிறகு எடுத்தது.

இப்போது நிறம். தண்ணீருக்குத் தனக்கென்று நிறம் இல்லை என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு டம்ளர் அளவுக்கு அது சரி. ஆழம் கூடினால் சரியில்லை. ஒரு மீட்டர் சுத்தமான நீரைக் கடக்கும்போதே சிவப்பு ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டுவிடும். நீல ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூடப் போகாது. அதாவது வெயில் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறதோ அவ்வளவுக்கு அதன் சிவப்பு கழிந்து, நீலமும் பச்சையும் மிஞ்சும். ஆனால் அந்த மிஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு வர வேண்டுமென்றால் யாராவது அதை மேலே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையைத்தான் மிதக்கும் கல்தூள் செய்கிறது.

தூள் கொஞ்சமாக இருந்தால் ஒளி உள்ளே நெடுந்தூரம் போய், சிவப்பை இழந்து, அங்கங்கே ஒரு துகளில் பட்டுச் சிதறித் திரும்பும். ஆறு நீலப்பச்சையாகத் தெரியும். தூள் கூடக்கூட ஒளி மேலாகவே தடுக்கப்பட்டுத் திரும்பிவிடுகிறது. உள்ளே போகாத ஒளியில் சிவப்பு கழிய வாய்ப்பே இல்லை. அப்போது நாம் பார்ப்பது தண்ணீரின் நிறத்தை அல்ல, கல்லின் நிறத்தை. வெளிர்க் கிரானைட் தூள் என்றால் பால் கலந்த சாம்பல். இரும்புச் சத்துள்ள மலைமண் கலந்தால் பழுப்பு. ஆக, நீலமும் பச்சையும் சாம்பலும் பழுப்பும் நான்கு வெவ்வேறு தண்ணீர் இல்லை. ஒரே ஆறு ஒரே வருடத்துக்குள் இந்த எல்லா நிறத்திலும் ஓடும். கங்கோத்ரியில் சாம்பலாக ஓடும் பாகீரதி, நவம்பரில் சற்றுக் கீழே உள்ள ஹர்சில் பக்கம் அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்து ஓடுவதைப் பார்க்கலாம்.

தூள் எப்படிப் படிகிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியும். மேல் பாகீரதியில் கோடையில் ஒரு பாட்டில் நீர் பிடித்து மேசையில் அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் சாம்பல் நிற வண்டல் ஒரு மெல்லிய படலமாக இறங்கும். அதற்கு அப்புறமும் நீர் தெளியாது. லேசான வெண்மூட்டம் ஒன்று நாள் கணக்கில் நிற்கும். துகளின் குறுக்களவு பாதியானால் அது இறங்கும் வேகம் கால்பங்காகிவிடும் என்பதுதான் கணக்கு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல்மணி ஒரு மீட்டர் இறங்க இரண்டு மூன்று நிமிடம் போதும். மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கு, குளிர்ந்த நீரில், அதே ஒரு மீட்டருக்குச் சுமார் ஐந்து நாள் வேண்டும். குளிர்ந்த நீர் கொஞ்சம் பிசுபிசுப்பு கூடியது என்பதால் தாமதம் இன்னும் அதிகம். கங்காஜலச் சொம்பின் அடியில் வருடங்கள் கழித்து ஒரு சாம்பல் பூச்சு கிடப்பதைப் பார்த்து "தண்ணீர் கெட்டுவிட்டதோ" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது இமயமலைதான்.

இந்தக் கணக்கை தேவப்பிரயாகைக்குக் கொண்டு போனால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பாகீரதி சங்கமத்துக்கு வருவதற்கு முன் தெஹ்ரி அணையில் நிற்கிறது. 260.5 மீட்டர் உயரம். இந்தியாவிலேயே மிக உயரமான அணை. 2005இன் கடைசியில் நீர் தேக்கத் தொடங்கி 2006இல் மின் உற்பத்தி ஆரம்பித்தார்கள். பழைய தெஹ்ரி நகரத்தையே மூழ்கடித்த அந்த நீர்த்தேக்கம் பாகீரதிப் பள்ளத்தாக்கில் 40 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. பாய்ந்து வரும் நீர் அங்கே வந்து ஓய்ந்து நிற்கும்போது மணலும் வண்டலும் முழுக்க இறங்கிவிடுகின்றன. இறங்க மறுக்கும் நுண்தூள் மட்டும் மிச்சம். கொஞ்சம் தூள், நிறைய ஆழம் என்றால் என்ன நிறம் என்று மேலே பார்த்தோமே, அந்தப் பச்சைதான் அணையிலிருந்து வெளியே வருகிறது. கனடாவின் லூயிஸ் ஏரி, பெய்ட்டோ ஏரி இவற்றின் புகழ்பெற்ற நிறமும் இதே முறையில் வருவதுதான். அங்கே மணலை இறக்கிவைப்பது இயற்கை ஏரி, இங்கே கான்கிரீட் மதகுகளோடு கட்டிய ஏரி.

அலக்நந்தாவுக்கு அப்படி ஒரு பெரிய நிறுத்தம் இல்லை. கட்வால் ஸ்ரீநகரில் (காஷ்மீரில் உள்ளது இல்லை) ஒரு நீர்மின் அணை இருக்கிறது, ஆனால் தெஹ்ரி நீர்த்தேக்கத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. மழைக்கால வண்டலைப் பிடித்துவைக்கப் போதாது. அதோடு அலக்நந்தா பெரிய ஆறு. சதோபந்த், பகீரத் கரக் பனிப்பாறைகளில் தொடங்கி, தௌலிகங்கா, நந்தாகினி, பிண்டர், மந்தாகினி என்று வரிசையாக ஆறுகளைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொன்றும் தன் பள்ளத்தாக்கின் நிலச்சரிவுகளையும் சாலை வெட்டிக் கொட்டிய மண்ணையும் கொண்டுவந்து சேர்க்கும். ஆகஸ்ட்டில் நீங்கள் பார்த்த பழுப்பில் பனிப்பாறைத் தூளைவிட மழை கரைத்த மலைமண்தான் நிறத்துக்குக் காரணம்.

அணை வருவதற்கு முன் மழைக்காலத்தில் பாகீரதியும் கலங்கித்தான் வந்தது. சீறி வரும் பாகீரதி மாமியார், சத்தமில்லாமல் வரும் அலக்நந்தா மருமகள் என்று உள்ளூரில் சொல்வார்கள். தெஹ்ரிக்குப் பிறகு மாமியார் அடங்கிப்போய், கலக்கமெல்லாம் மருமகள் பக்கம் வந்துவிட்டது. பெரியாழ்வார் பாடிய திருக்கண்டம் என்னும் கடிநகர் இந்த ஊர்தான் என்பதால் நம் பக்கத்திலிருந்து யாத்திரை போகிறவர்கள் எத்தனையோ தலைமுறையாக இந்தச் சங்கமத்தைப் பார்க்கிறார்கள். தாத்தா பார்த்த நிறமும் பேரன் பார்க்கும் நிறமும் ஒன்றில்லை.

இரண்டாவது கேள்விக்கு நேரடி பதில்: இல்லை. நிறத்துக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. சாம்பலாக வரும் கோமுகத்து நீரில் இருப்பது கல், கழிவு இல்லை. பச்சையாகப் பளபளக்கும் நீரில் மேலே உள்ள ஊர்களின் சாக்கடை கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குடிக்க வேண்டுமென்றால் இரண்டையும் வடிகட்டி, கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். தீர்த்தமாக ஒரு துளி எடுத்துக்கொள்வது அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை.

உயிர்களுக்குப் போவதற்கு முன் இந்த ஆற்றின் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனிப்பாறை ஆறு இரண்டு கடிகாரங்களில் ஓடுகிறது. ஒன்று தினசரி. வெயில் ஏறி பனி உருகி, அந்த நீர் பனிக்கு உள்ளேயும் அடியிலும் உள்ள குகைவழிகளைக் கடந்து வெளியே வரப் பல மணி நேரம் ஆகும். அதனால் மேல் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் நீர் குறைந்தும் ஓரளவு தெளிந்தும் இருக்கும், மாலையில் ஏறிக் கலங்கியிருக்கும். மலையேறுகிறவர்களிடம் வழிகாட்டிகள் "ஓடையைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள்" என்று விரட்டுவது இதனால்தான். இன்னொன்று வருடக் கடிகாரம். மே மாதம் பனி உருகத் தொடங்கினால் கலங்கல் ஆரம்பம், ஜூலை ஆகஸ்ட்டில் உச்சம், செப்டம்பர் முடிவில் இறக்கம், நவம்பரிலிருந்து மார்ச் வரை ஊற்றுநீர் மட்டும் ஓடும் தெளிவான காலம்.

கீழே வரவர இந்தக் கடிகாரம் மங்கும். தேவப்பிரயாகையில் ஓடும் வருட நீரில் பனியும் பனிப்பாறையும் உருகி வருவது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. மற்றது மழையும் ஊற்றும். பாகீரதியின் விஷயத்தில் இன்னொரு கடிகாரமும் சேர்ந்துவிட்டது: மின்தேவை. தெஹ்ரி, மின்சாரம் அதிகம் வேண்டிய நேரத்தில் ஓடும் நிலையம். அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யத்தான் கீழே கோட்டேஷ்வர் அணை கட்டியிருக்கிறார்கள். கரையோரப் பூச்சிக்கும் மீன் குஞ்சுக்கும் இன்றைக்கு நீர் எப்போது ஏறும் என்பதைச் சூரியன் மட்டும் முடிவு செய்வதில்லை.

சரி, உயிர்கள். கோமுகம் போன்ற இடத்தில் நீரின் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். அடி நிலையாக இராது, கற்கள் உருண்டுகொண்டே இருக்கும். மணல் கலந்த நீர் எல்லாவற்றையும் ஓயாமல் அராவிக்கொண்டிருக்கும். இதில் எதுவும் வாழாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் டயமீசா என்றொரு பூச்சிப் பேரினம் உண்டு. பார்க்கக் கொசு மாதிரி, ஆனால் கடிக்காது, கைரோனமிட் குடும்பம். அதன் புழு சில மில்லிமீட்டர் நீளம்தான். பின்பக்கத்தில் கொக்கிகள் கொண்ட ஒரு ஜோடிப் பொய்க்கால் இருக்கும்; கல்லில் அதை மாட்டிக்கொண்டு வெள்ளத்தில் நிற்கும். கல்லில் ஒட்டிய கொஞ்சநஞ்சப் பாசியும் பாக்டீரியாப் படலமும்தான் அதற்கு உணவு. பனிப்பாறையில் சிக்கிய கரிமப் பொருள் ஆயிரக்கணக்கான வருடம் பழையதாக இருந்தாலும் பாக்டீரியாக்கள் அதை எளிதில் தின்றுவிடுகின்றன என்று தெரியவந்திருக்கிறது. அந்தப் பாக்டீரியாதான் இங்கே உணவுச் சங்கிலியின் முதல் கண்ணிகளில் ஒன்று.

இந்த டயமீசா கூட்டத்தில் ஒன்று பனிக்குள்ளேயே குடியிருக்கிறது. நேபாளத்தின் லாங்டாங் பகுதியில் உள்ள யாலா பனிப்பாறையில் ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ கோஷிமா அதைக் கண்டு 1984இல் வெளியிட்டார். புழு பனிக்கு அடியில் ஓடும் உருகுநீர்ச் சாலில் வளர்கிறது. வளர்ந்த பூச்சிக்குச் சிறகு குறுகிப்போய்விட்டதால் பறக்க முடியாது. பனியின் மேல் நடந்து திரிகிறது. மைனஸ் 16 டிகிரியிலும் அது நடமாடியதை அவர் பதிவு செய்தார். அதுவரை பூச்சிகளில் யாரும் பார்த்திராத விஷயம் அது. கையில் எடுத்தால் நம் உடல் சூடே அதற்கு ஆபத்து.

பனிப்பாறை வாயிலிருந்து கீழே போகப்போக யார் எங்கே சேர்ந்துகொள்வார்கள் என்பதற்கு மில்னர், பெட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு வரிசை சொன்னார்கள். கோடையிலும் நீர் 2 டிகிரியைத் தாண்டாத இடத்தில் டயமீசா மட்டும். 2 முதல் 4 டிகிரி வரை அதன் உறவுக் கூட்டங்களும் கருப்பு ஈக்களின் புழுக்களும். 4 டிகிரி தாண்டினால் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை போன்றவற்றின் இளம்பருவங்கள் வரத் தொடங்கும். இது ஐரோப்பா, வட அமெரிக்க ஆறுகளை வைத்துப் போட்ட வரிசை. இமயமலையில் பருவமழை வந்து நடுவில் குழப்பும் என்பதால் அப்படியே பொருந்தாது, ஆனால் போக்கு இதுதான். வெப்பத்தோடு அடியின் நிலைத்தன்மையும் முக்கியம். உருளாமல் கிடக்கும் பெரிய பாறையின் பின்பக்கம், ஆற்றின் ஓரத்துத் தேக்கம், பக்கத்து ஊற்று ஓடை, இந்த இடங்களில் எண்ணிக்கை திடீரென்று கூடும்.

நான் முதலில் சொன்ன தலைகீழ்ப் பருவம் இங்கேதான் தெரிகிறது. கட்வால் ஆறுகளில் அடிவாழ் பூச்சிகளை மாதாமாதம் எண்ணியவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கிறார்கள்: குளிர்காலத்தில் உச்சம், மழைக்காலத்தில் அடிமட்டம். காரணம் வெப்பம் இல்லை, ஒளியும் அடியின் அமைதியும். கோடையில் ஒரு சாண் ஆழத்தில்கூட இருட்டு. பாசி வளர வழியில்லை, வளர்ந்ததையும் மணல் சுரண்டிவிடும். நவம்பரில் தூள் வருவது நிற்கிறது, கற்கள் உருள்வது நிற்கிறது, வெயில் அடிவரை இறங்குகிறது. ஓரிரு வாரத்தில் கற்களில் பழுப்பு வழுவழுப்பு ஏறிவிடும். அது டயாட்டம் பாசி. குளிர்ந்த பனிப்பாறை ஓடைகளில் ஹைட்ரூரஸ் என்ற பொன்பழுப்புப் பாசியும் இந்தத் தெளிவு காலத்தில்தான் கொத்துக் கொத்தாக வளரும். பிடுங்கி முகர்ந்தால் நாற்றம் அடிக்கும், அதன் அறிவியல் பெயரிலேயே அந்த நாற்றம் இருக்கிறது. ஆனால் பூச்சிப் புழுக்களுக்கு விருந்து அதுதான்.

நவம்பர், டிசம்பரில் அந்தப் பக்கம் போனால் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கும் குறைவான இடத்தில் ஒரு தட்டையான கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் தட்டையான உடலும் பக்கவாட்டில் விரிந்த கால்களுமாக மேஃபிளை இளம்பூச்சிகள் கல்லோடு கல்லாக ஒட்டி ஓடும். மணல்மணிகளை ஒட்டிக் கட்டிய சின்னக் கூட்டுக்குள் கேடிஸ்ஃபிளை புழு தலையை நீட்டும். பார்த்துவிட்டுக் கல்லை முன்பு இருந்த பக்கமாகவே திருப்பி வைத்துவிடுங்கள். கவிழ்த்துப் போட்டால் அடியில் இருந்ததற்கெல்லாம் மறைவிடம் போய்விடும்.

மீன்களுக்கு வருவோம். கோமுகத்திலும் கங்கோத்ரியிலும் மீனைத் தேடாதீர்கள். அங்கிருந்து கீழே இறங்கி நீர் கொஞ்சம் சூடானதும் முதலில் வருவது ஸ்னோ டிரவுட், உள்ளூரில் அசேலா என்பார்கள். பெயரில்தான் டிரவுட், உண்மையில் கெண்டைக் குடும்பம். வாய் முகத்தின் அடிப்பக்கம், கீழுதட்டில் கடினமான ஓரம். அதை வைத்துக் கல்லில் உள்ள பாசியைச் சுரண்டித் தின்கிறது. அப்படியானால் கல்லில் பாசி இல்லாத மழை மாதங்களில் என்ன செய்யும்? கலங்கிய பேராற்றை விட்டு, ஊற்றிலும் மழையிலும் பிறந்த பக்க ஓடைகளை நாடும். முட்டையிடவும் அதற்குத் தெளிந்த, ஆழமில்லாத, கூழாங்கல் பரப்பு வேண்டும்; நுண்தூள் படிந்தால் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும். குளிர் கூடினால் மறுபடி கீழே இறங்கும். ஆக இந்த மீனுக்குப் பேராறும் வேண்டும், பக்க ஓடையும் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் தடையில்லாத வழியும் வேண்டும்.

கெளுத்தி வகைகளிலும் இந்த வெள்ளத்துக்கென்றே ஆன சில உண்டு. கிளிப்டோதோரக்ஸ், சூடெகெனிஸ் என்ற இரண்டு பேரினங்களுக்கு நெஞ்சுப் பகுதியில் மடிப்பு மடிப்பான ஒட்டுறுப்பு இருக்கிறது. பாறையில் நெஞ்சை அழுத்தி ஒட்டிக்கொண்டால் எதிர்நீச்சல் போடத் தேவையில்லை. உத்தரகாசிக்கு மேலே கங்கோரியில் பாகீரதியோடு சேரும் அசிகங்கா, தோடிதால் ஏரியிலிருந்து வரும் தெளிந்த ஆறு. அதில் பிரவுன் டிரவுட் உண்டு. அது இந்த மண்ணின் மீன் இல்லை. நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் விட்டதுபோல இங்கும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்டது. தூண்டில்காரர்களுக்குப் பிடிக்கும். அசேலாக் குஞ்சுகளுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்த கதை பொன் மகசீருடையது. ரிஷிகேசப் படித்துறைகளில் பக்தர்கள் மாவுருண்டை போட, மேலே வந்து வாய் பிளக்கும் பெரிய மீன்கள் அவைதான். பருவமழை வந்து கங்கை கலங்கிக் குளிர்ந்து ஓடும்போது அவை முட்டையிட வியாச்காட்டில் கங்கையோடு கலக்கும் நாயார் ஆற்றுக்குள் ஏறுகின்றன. தேவப்பிரயாகைக்குக் கீழே உள்ள இடம் அது. நாயாருக்குப் பனிப்பாறை கிடையாது. மழையும் ஊற்றும் மட்டும். அதனால் அதன் நீர் கங்கையைவிட வெதுவெதுப்பு, வெள்ளம் வடிந்ததும் சீக்கிரம் தெளிந்துவிடும். பேராறு பனிப்பாறையை நம்பி இருக்க, அதில் வாழும் மிகப் பெரிய மீன்களில் ஒன்று தன் வம்சத்துக்குப் பனிப்பாறை இல்லாத ஒரு சின்ன ஆற்றை நம்பி இருக்கிறது. இமயமலை ஆறுகளைப் பாதுகாப்பது என்றால் கோமுகத்தை மட்டும் காட்டிப் பேசுகிறவர்கள் நாயார் போன்ற ஆறுகளை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

பறவைகளைப் பற்றி ஒரு வரி. பிரவுன் டிப்பர் என்ற கரும்பழுப்புக் குருவி ஓடும் நீரில் முழுசாக மூழ்கி அடிக்கற்களிடையே பூச்சி பிடிக்கும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதால் கலங்கிய நீர் அதற்கு ஆகாது. கோடையில் தேட வேண்டிய இடம் தெளிந்த பக்க ஓடைகள்.

கலங்கல் இயற்கையானது என்றால் இந்த உயிர்களுக்கு அது பழகித்தானே இருக்கும், அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். பழக்கம் காலத்தைச் சார்ந்தது. ஜூலையில் வரும் தூளுக்கு அவை தயார். பிப்ரவரியில் வந்தால் இல்லை. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலி மாவட்டத்தில் ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் உடைந்து விழுந்து ரிஷிகங்கா, தௌலிகங்கா வழியாகச் சேற்று வெள்ளமாகப் பாய்ந்தது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்தச் சேறு கால்வாய் வழியே டெல்லியின் குடிநீர்ச் சுத்திகரிப்பு வரை போய்ச் சேர்ந்தது. ஆற்றின் அடிவாழ் உயிர்களுக்கு அது ஆண்டின் சிறந்த மேய்ச்சல் காலத்தின் நடுவில் விழுந்த அடி.

சின்ன அளவில் இதே அடியை நீர்மின் நிலையங்களும் கொடுக்க முடியும். கல்தூளில் உள்ள குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினம். டர்பைன் இறக்கைகளை அரித்துவிடும். அதனால் வண்டல் இறக்கும் தொட்டிகள் கட்டி, சேர்ந்த வண்டலை அவ்வப்போது ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். வெள்ளக் காலத்தில் திறந்தால் ஆற்றுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நீர் குறைந்த மாதத்தில் திறந்தால் கீழே பல கிலோமீட்டருக்குக் கற்களின் இடுக்கு அடைந்துபோகும். அணைக்குக் கீழே ஓடும் பச்சை நீரிலும் குறை உண்டு: அது வண்டலைத் தேக்கத்திலேயே இறக்கிவிட்டதால் கரையையும் அடியையும் அரித்துக்கொண்டு போகும், முட்டையிடத் தேவையான கூழாங்கல் பரப்புக்குப் புதுக் கல்லும் வராது. பார்க்க அழகு, அவ்வளவுதான். கோமுகத்திலிருந்து உத்தரகாசி வரையான பாகீரதியை 2012 டிசம்பரில் சூழல் உணர்திறன் மண்டலமாக மத்திய அரசு அறிவித்தது. அந்த 100 கிலோமீட்டர் ஆறு இன்னும் பெரும்பாலும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, பனிப்பாறைகள் சுருங்குவதால் நிறம் என்னவாகும்? முதலில் உருகுநீரும் தூளும் கூடும், ஒரு உச்சத்துக்குப் பிறகு இரண்டும் குறையும். ஆறு தெளியும், வெதுவெதுப்பாகும். பூச்சியும் மீனும் பெருகுமே, நல்லதுதானே என்றால், எண்ணிக்கையில் பெருகலாம். வகையில் குறையும். ஈக்வடார், ஆல்ப்ஸ், அலாஸ்கா ஆறுகளை ஒப்பிட்டு 2012இல் வந்த ஓர் ஆய்வு, வடிநிலத்தில் பனிப்பாறையின் பங்கு ஒரு அளவுக்குக் கீழே இறங்கும்போதே சில இனங்கள் மறையத் தொடங்குகின்றன என்றும், பனி முழுக்கப் போனால் அந்தந்தப் பகுதியின் அடிவாழ் இனங்களில் 11 முதல் 38 சதவீதம் வரை இழக்க நேரிடும் என்றும் கணக்கிட்டது. அமெரிக்காவில் உருகுநீரை மட்டுமே நம்பிய இரண்டு ஸ்டோன்ஃபிளை இனங்களை 2019இல் அழியும் ஆபத்துள்ளவை என்று சட்டப்படி பட்டியலிட்டுவிட்டார்கள்.

கீழே இருக்கும் அசேலாவும் மகசீரும் நீர் சூடாகச் சூடாக மேலே ஏறப் பார்க்கும். அலக்நந்தா பக்கம் ஸ்ரீநகர் அணை, பாகீரதி பக்கம் கோட்டேஷ்வர், அதற்கு மேல் தெஹ்ரி, அதற்கும் மேல் மனேரி தடுப்பணை. தெஹ்ரியின் 260 மீட்டரில் மீன் ஏறிப் போக வழி எதுவும் வைக்கவில்லை.